நான்காவது கால்

மின்விசிறிக்கு மூன்று இறக்கை. வேகமாகச் சுற்றும்போது எண்ண முடியாது, கரண்ட் கொஞ்சம் இறங்கினால் எண்ணலாம், இப்போது இறங்கியிருந்தது, ரெக்சலின் எண்ணிக்கொண்டிருந்தாள். வேறு எதைப் பார்ப்பது? கரும்பலகையைப் பார்த்தால் பகவதி மேடத்தைப் பார்க்க வேண்டிவரும், மேடத்தைப் பார்த்தால் மேடமும் பார்ப்பார், பார்த்தால் எழுப்பிவிடுவார், எழுந்தால் வாய் திறக்கும், அந்த வாயை நம்ப முடியாது என்பது செவ்வாய்க்கிழமையே தெரிந்துபோயிற்று. அதனால் விசிறி. இந்த ஒரு கெமிஸ்ட்ரி வகுப்பு முடிந்தால் போதும். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீஸ். வரலாற்றுத் துறையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, மாறுகிறவர்கள் இன்று மதியத்துக்குள் வந்து சொல்லிவிட வேண்டும் என்று கிளார்க் நேற்றே சொல்லியிருந்தார். சொல்லும்போது அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துவிட்டு, "கெமிஸ்ட்ரியில தொண்ணூத்தாறு எடுத்துட்டு ஹிஸ்டரிக்கா போற?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பிடிக்கல்ல சார்" என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். பிடிக்கும், பிடிக்காமல் என்ன, பிடிபடவில்லை, அதுதான் சங்கதி. வரலாறு என்றால் நடந்து முடிந்தது, அங்கே யாரும் ஏன் என்று நிற்கவைத்துக் கேட்க மாட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், வரலாற்று வாத்தியார்களை அவளுக்குத் தெரியாது. காலையில் வராந்தாவில் மேடத்தை மறித்து, "மேடம், நான் ஹிஸ்டரிக்கு மாறப்போறேன்" என்று சொன்னபோது மேடம் ஏன் என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவர், இதற்குக் கேட்கவில்லை. "எப்போ?" என்றார். "இண்ணைக்கு." "இந்த ஹவர் இருக்கியா?" "இருக்கேன் மேடம்." "சரி, இரு." அவ்வளவுதான், போய்விட்டார். தடுக்கக்கூட ஆளில்லாத ஒருத்தி என்று நினைத்ததும், பக்கத்தில் அபிஷா கவனிக்கிறாளோ என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

தண்ணீர். அந்தச் சொல்லே இப்போது ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை மேடம் கேட்டது அதைத்தான், "தண்ணீர் மூலக்கூறு ஏன் வளைஞ்சிருக்கு?" என்று. கேட்டதும் ரெக்சலினுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, தெரிந்த கேள்வி, கையைத் தூக்கினாள், எழுந்தாள், வாய் திறந்தது. பெரிலியம் குளோரைடு நேர்கோடு, போரான் டிரைபுளூரைடு சமதள முக்கோணம், மீத்தேன் நான்முகி நூற்று ஒன்பதரை, அம்மோனியா பிரமிடு நூற்று ஏழு, நீர் வளைந்தது நூற்று நாலரை. நீருக்கு வருவதற்கு அவள் பெரிலியத்திலிருந்து புறப்பட்டாக வேண்டும், நடுவில் ஏற முடியாது. அதுவும் பேச்சாக வராது, ராகத்தோடு வரும். மாதா கோயிலில் மன்றாட்டு மாலை சொல்வார்களே, ஒருவர் பாதி சொல்ல மற்றவர்கள் மீதி சொல்வார்களே, அந்த ராகம். அவர்கள் ஊர்க் கோயிலின் பின்கட்டில் ஸ்டான்லி சார் டியூஷன் எடுத்தார், சாயங்காலச் செபம் முடிந்த கையோடு, அதே பிள்ளைகள், அதே பாய், அதே குரல். சார் "மீத்தேன்" என்பார், எல்லாரும் சேர்ந்து "நான்முகி, நூற்று ஒன்பதரை" என்பார்கள். சார் "அம்மோனியா" என்பார். மழை பெய்தாலும் கடல் பொங்கினாலும் அது நிற்காது. அந்த டியூஷனில் ஒருத்தர்கூட பெயிலானதில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் நீர் வளைந்தது நூற்று நாலரை என்று ராகத்தை இறக்கி முடித்ததும், நாக்கு தன்பாட்டுக்கு இன்னும் ஓரடி எடுத்துவைத்து மன்றாட்டின் பதிலையும் சொல்லிவிட்டது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." வகுப்பு சிரித்தது பாருங்கள், பெஞ்சைத் தட்டிச் சிரித்தது, அபிஷா கூடச் சிரித்தாள், அடக்கப் பார்த்து முடியாமல் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட தேவலை. "எப்பிடி இருக்குன்னு நான் கேட்கல்ல. ஏன் அப்பிடி இருக்குன்னு கேட்டேன்" என்றார். ஏன். ஏன் என்று ஒன்று இருப்பதே தெரியாதவள்போல அவள் நின்றாள். அதுவும் உண்மையில்லை. ஒரு தடவை கேட்டிருக்கிறாள், பின்கட்டில், பாடத்தின் நடுவில், "ஏன் சார் நூத்தி ஒம்பதரை?" என்று. சார் கோபப்படவில்லை, பாசமாகத்தான் சொன்னார், "ஏன் எண்ணு கேட்டா மார்க்கு உண்டா மக்களே?" மார்க்கு இல்லை. மார்க்கு இல்லாததை அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ரிசல்ட் வந்த ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சாமியார் பீடத்திலிருந்தே அவள் பெயரைச் சொல்ல, ஊரே கைதட்ட, அம்மா முக்காட்டுக்குள் அழுதாள். "எனக்க மவ கெமிஸ்ட்ரி படிக்கப் போறா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

சாக்பீஸ் கிரீச்சிட்டது. பல் கூசியது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டாள். கரும்பலகையில் நடுவில் ஒரு கார்பன், மேலே கீழே வலம் இடம் நான்கு ஹைட்ரஜன், நான்கு கோடு. மீத்தேன். கூட்டல் குறி. சிலுவை என்றும் சொல்லலாம், அவள் வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது. "ஒவ்வொரு கோடும் ஒரு ஜோடி எலெக்ட்ரான்" என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார், "ஒரு ஜோடிக்கு இன்னொரு ஜோடியக் கண்டா ஆகாது, எல்லாம் நெகட்டிவ், தள்ளிக்கிட்டே இருக்கும். கார்பன விட்டும் ஓட முடியாது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டவும் முடியாது. அப்போ என்ன செய்யும்? முடிஞ்சவரைக்கும் தள்ளி நிக்கும்." முடிந்தவரைக்கும் தள்ளி. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் வகுப்பில் அப்படித்தான் இருந்தாள், கடைசி பெஞ்சு, சுவரோரம். இரண்டு பேர் இருந்தால்? எதிரெதிர் சுவர், நேர்கோடு. பெரிலியம் குளோரைடு நேர்கோடு என்று ராகம் தானாக எழுந்தது, அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள், பொறு, இப்போது நான் யோசிக்கிறேன். நான் யோசிக்கிறேன் என்று நினைத்ததே அவளுக்குப் புதிதாக இருந்தது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். மூன்று பேர் இருந்தால்? மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று இறக்கை, ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு, தட்டையாக, சமமாக. சமதள முக்கோணம். அடப்பாவி, இவ்வளவு நேரம் உன்னையா எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு பேர் இருந்தால்? அறைக்கு நான்கு மூலை, ஆளுக்கொன்று, கூட்டல் குறி, தொண்ணூறு டிகிரி. இங்கேதான் வண்டி சேற்றில் இறங்கியது. தொண்ணூறு எங்கே, நூற்று ஒன்பதரை எங்கே? நான்கு இறக்கை விசிறிக்குத் தொண்ணூறுக்கு மேல் இடமே கிடையாது, சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் முந்நூற்று அறுபதை நான்காகப் பிரித்தால் தொண்ணூறுதான், இன்னொரு பத்தொன்பதரையை எங்கேயிருந்து கொண்டுவருவது? புத்தகத்தில் அச்சடித்த படமும் கூட்டல் குறிதான். பக்கத்திலேயே நூற்று ஒன்பதரை என்று எழுதியிருக்கும். படமும் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஒரே பக்கத்தில் இரண்டு வருஷம் குடியிருந்திருக்கின்றன, அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. விடு, நமக்கெதற்கு, இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும், ஹிஸ்டரி, அம்மாவிடம் என்ன சொல்வது, கெமிஸ்ட்ரியில் கேஸ் வாசம் தலைவலிக்குது என்று சொல்லலாம், அம்மா நம்புவாள், அம்மா அவள் சொல்வதையெல்லாம் நம்புவாள், அதுதான் கஷ்டம். பத்தொன்பதரை. எங்கே இருக்கிறது அந்தப் பத்தொன்பதரை?

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், ஸ்டான்லி சார்மேலா, புத்தகம்மேலா, கைதட்டிய ஊர்மேலா, தன்மேலா. நான்கு பேரும் தரையிலேயே நின்றால் இடம் போதாது. அப்படியென்றால் யாராவது தரையைவிட்டு எழும்ப வேண்டும். எழும்புவது என்றால்? கரும்பலகையை விட்டு வெளியே வர வேண்டும். வெளியே என்றால் இங்கே, காற்றில், என் பக்கம். அவள் கால்விரல் செருப்புக்குள் மடங்கியது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தது கண்முன் வந்தது, ஏன் இப்போது வருகிறது என்று தள்ளப் பார்த்தாள், போகவில்லை. கடல் அரிப்புக்குத் தடுப்புப் போடுகிறார்கள், கிரேன் ஒன்று நாலு கால் கான்கிரீட் கல்லைத் தூக்கித் தொப்பென்று போட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கல், ஊர் நீளத்துக்கும் மலைபோலக் கிடக்கிற கல், ஏறி உட்கார்ந்து கருவாடு காவல் காத்த கல். எப்படிப் போட்டாலும் சரி, தலைகீழாகப் போட்டாலும் சரி, உருட்டிவிட்டாலும் சரி, மூன்று கால் தரையில் ஊன்றும், நான்காவது கால் வானத்தைப் பார்த்து நிற்கும். எந்தக் கால் நான்காவது? எதுவும் இல்லை. எல்லாக் காலும் ஒன்றுதான், எதைக் கீழே வைத்தாலும் மற்றது மேலே. ஒவ்வொரு காலும் மற்ற மூன்றையும் விட்டு ஒரே அளவு தள்ளி. முடிந்தவரைக்கும் தள்ளி. மேசைக்கு அடியில் இரண்டு கையையும் கொண்டுபோனாள். இடது கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து மேலே பார்க்க வைத்தாள், வலது கையின் இரண்டையும் அதேபோல விரித்துக் கீழே பார்க்க வைத்து, குறுக்காகத் திருப்பி, இரண்டு கவட்டையையும் ஒன்றோடொன்று சேர்த்தாள். நான்கு விரல், நான்கு திசை. கல் வந்துவிட்டது. கைக்குள் கல் வந்துவிட்டது. மெல்லக் குனிந்து நேர் மேலேயிருந்து பார்த்தாள். இரண்டு விரல் அவளை நோக்கி, இரண்டு விரல் தரையை நோக்கி, மேலேயிருந்து பார்த்தால் நான்கும் தட்டையாகப் படிந்து ஒரு கூட்டல் குறி. கூட்டல் குறி! கரும்பலகையில் இருப்பது மீத்தேன் இல்லை, மீத்தேனின் நிழல். புத்தகம் பொய் சொல்லவில்லை, காகிதம் தட்டை, பாவம் அது என்ன செய்யும். அந்தப் பத்தொன்பதரை எங்கேயும் போகவில்லை, காகிதத்துக்கு வெளியே இருந்தது. ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்போல, அபிஷா முழங்கையால் இடித்தாள். "என்ன பிள்ளே, கைசுளுக்கா?" "இல்ல" என்றாள். "பின்ன?" "மீத்தேன்" என்றாள். அபிஷா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

தள்ளி உட்காரட்டும், முடிந்தவரைக்கும் தள்ளி உட்காரட்டும். இப்போது நிறுத்த முடியவில்லை, ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் முழுத் துணியும் கூடவே வருகிறது. அம்மோனியா. நைட்ரஜனுக்கும் நான்கு ஜோடி, ஆனால் ஹைட்ரஜன் மூன்றுதான், அப்படியென்றால் ஒரு ஜோடி சும்மா, யாரையும் பிடிக்காமல் தனியாக. கல்லின் ஒரு கால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கே இருக்கிறது, இடத்தை அடைத்துக்கொண்டு. தெரிகிற மூன்று கால் மட்டும் பிரமிடு. பிரமிடு என்று எத்தனை சாயங்காலம் பாடியிருப்பாள், எகிப்தை நினைத்துக்கொண்டு. சரி, நான்கும் ஜோடிதானே, கோணம் ஏன் நூற்று ஏழுக்கு இறங்குகிறது? தனியாக இருக்கிற ஜோடி மற்றதைவிட அதிக இடம் பிடிக்கும் என்று முன்பு ஒரு நாள் மேடம் சொன்னது எங்கோ கேட்டது, அன்றைக்குக் காதில் விழுந்தது, மண்டையில் விழவில்லை. ஏன் அதிக இடம்? இதோ கேட்கிறேன், ஏன்? வீட்டு மாடியில் சேலை காயப்போடுவது நினைவுக்கு வந்தது. இரண்டு முனையையும் கட்டினால் விறைப்பாக ஒரே கோட்டில் நிற்கும், ஒரு முனையை மட்டும் கட்டிவிட்டுப் போனால் காற்றில் விரிந்து, அடுத்த வீட்டுத் துணியையெல்லாம் தள்ளி, மாடி முழுக்கத் தனக்குத்தான் என்று ஆடும். பிணைப்பில் இருக்கிற ஜோடியை இரண்டு பக்கமும் ஒவ்வொரு அணு பிடித்திருக்கிறது. தனி ஜோடிக்கு ஒரு பக்கம்தான் பிடி. விரியத்தானே செய்யும்! விரிந்தால் மற்ற மூன்றும் நெருங்கத்தானே வேண்டும்! நூற்று ஏழு. தண்ணீருக்கு அப்படி இரண்டு சேலை. இன்னும் நெருக்கு. நூற்று நாலரை. அந்த மூன்று எண்ணும், இத்தனை நாள் செபமாலை மணியாக உருண்டுபோன எண், இப்போது படிக்கட்டாக இறங்கி நின்றது, ஒவ்வொரு படிக்கும் காரணம் இருந்தது, அவளே அதில் நடந்து இறங்கலாம், பெரிலியத்திலிருந்து புறப்பட வேண்டியதில்லை, எங்கே வேண்டுமானாலும் ஏறலாம். யாரும் சொல்லித்தரவில்லை, நானே இறங்கினேன். சந்தோஷம் என்று சொன்னால் போதாது, ஓட வேண்டும்போல, யாரையாவது அடிக்க வேண்டும்போல, ஸ்டான்லி சாரைத் தேடிப்போய் "சார், நூத்தி ஒம்பதரை ஏன் எண்ணு தெரியுமா?" என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நினைப்பு வந்ததும் அவர்மேலிருந்த கோபம் போய்விட்டது.

"ஹைட்ரோனியம்" என்றார் மேடம், கரும்பலகையில் ஒரு ஆக்ஸிஜனும் மூன்று ஹைட்ரஜனும் ஒரு பிளஸ் குறியும் எழுதி. "இது உங்க புத்தகத்துப் பட்டியல்ல கிடையாது. வடிவம் என்ன?" முன்பெஞ்சு ஆங்கில மீடியம் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டினார்கள். ரெக்சலினுக்குள் ராகம் ஒரு தடவை தேடிப்பார்த்தது, பெரிலியத்திலிருந்து கடைசிவரை ஓடிப்பார்த்தது, இல்லை, ஹைட்ரோனியம் அந்த மன்றாட்டு மாலையில் இல்லை, அதற்குப் பதில் சொல்ல யாரும் அவளைப் பழக்கவில்லை. எழும்பாதே, பழையபடி வாய் ஏதாவது சொல்லிவிடும், இன்னும் கொஞ்ச நேரம்தானே, ஆபீஸ் திறந்துதான் இருக்கும், எதற்கு வம்பு. நினைத்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் நிமிர்ந்துவிட்டது. அவள் நின்றுகொண்டிருந்தாள். எங்கோ ஒரு சிரிப்பு தயாராவது கேட்டது. "சொல்லு" என்றார் மேடம். "ஆக்ஸிஜனுக்கு வெளிய ஆறு எலெக்ட்ரான் மேடம்." ராகம் இல்லை, பேச்சாக வந்தது. "மூணு ஹைட்ரஜன், மூணு எலெக்ட்ரான். மொத்தம் ஒம்பது." ஒன்பது. ஒன்பதை ஜோடியாக்கினால் ஒன்று மிஞ்சும். தப்பு. எங்கே தப்பு? கரும்பலகை மங்கியது, முன்பெஞ்சில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், வேண்டிக்கொள்ளும், வேண்டிக்கொள்ளும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள். பிளஸ். அந்தப் பிளஸ் சும்மா எழுதவில்லை. "பிளஸ் இருக்கு மேடம். ஒரு எலெக்ட்ரான் போயாச்சு. எட்டு. நாலு ஜோடி. மூணு ஜோடி ஹைட்ரஜனப் பிடிச்சிருக்கு, ஒண்ணு தனி. அப்போ..." கை தானாக மேலே வந்தது, விரல்கள் காற்றில் கல்லாக விரிந்தன, ஒரு விரலை மட்டும் மடக்கினாள், எல்லாரும் பார்க்கட்டும், "அப்போ பிரமிடு." மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கோணம்?" "நூத்தி ஒம்பதரையவிடக் குறையும்." "ஏன்?" வந்துவிட்டது. அந்த ஏன். "தனி ஜோடிக்கு ஒரு பக்கம்தான் பிடி மேடம். அது விரியும். மத்ததத் தள்ளும்." "எவ்வளவு குறையும்?" "தெரியாது மேடம்" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் கூசாமல் வந்தது. தெரியாது, ஆனால் குறையும், பந்தயம் கட்டுகிறேன். மேடம் சாக்பீஸை மேசையில் வைத்தார். "சரி" என்றார். "முழுசும் சரி."

யாரும் கைதட்டவில்லை. வகுப்பில் அப்படியெல்லாம் தட்டுவதில்லை, முன்பெஞ்சு பெண் மட்டும் அவள் விரலைப்போலத் தன் விரலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது சரியாக வரவில்லை, குறுக்காகத் திருப்பணும் என்று ரெக்சலின் சைகை காட்டினாள். மணி அடித்தது. பெஞ்சுகள் இழுபட்டன, எல்லாரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வெளியேறினார்கள், அபிஷா பையை மாட்டிக்கொண்டு, "ஆபீஸுக்குப் போகாண்டாமா பிள்ளே? பூட்டிருவானுவ" என்றுவிட்டு வாசலில் போய் நின்றாள். ஊரும் சாமியாரும் தட்டிய அத்தனை கையும் இந்த ஒரு "சரி"க்குக் கிட்டே வரவில்லை, அதை அவள் இன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, அம்மாவுக்கு விரலால் காட்டலாம், அம்மாவுக்கு அந்தக் கல் தெரியும். மேடம் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். ரெக்சலின் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து காலி வகுப்பின் நடுவே நடந்து, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மேடம் திரும்பாமலேயே, "ஹிஸ்டரிக்குப் போகணும்னியே, மணி ஆகல்லியா?" என்றார். "நான் போகல்ல மேடம்" என்றாள் ரெக்சலின், மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து மேடத்தின் பக்கம் நீட்டினாள். "பட்டியல்ல இல்லாதது இன்னொண்ணு தாங்க."